பலகையைக் கழற்றினார்கள், வேலை நிற்கவில்லை

கேள்வி: ஐயா, அமெரிக்காவில் சிகரெட் கம்பெனிகளின் சங்கத்தையே 1998-ல் இழுத்து மூடிவிட்டார்களாமே? அப்புறமும் அவர்களால் எப்படி அரசாங்கத்தைத் தங்கள் பக்கம் வளைக்க முடிகிறது? — வாசகர், சேலம்

பதில்: மூடியது உண்மைதான். ஆனால் அந்தச் சங்கம் எதற்காக முளைத்தது என்று தெரிந்தால்தான் மூடியதன் மதிப்பு புரியும். 1953 கடைசியில், சிகரெட் புகையில் படியும் தார் என்ற பிசினைத் தோலில் தடவிய எலிகளுக்குப் புற்றுநோய்க் கட்டி வந்தது என்ற செய்தி அமெரிக்கா முழுக்கப் பரவியது. அதுவரை ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கம்பெனித் தலைவர்கள் அந்த டிசம்பரிலேயே நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம் வழி சொல்லிக் கொடுத்தது. 1954 ஜனவரி 4 அன்று நானூறுக்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் ஒரு பெரிய அறிக்கை வந்தது: மக்களின் ஆரோக்கியம்தான் எங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம், ஆராய்ச்சிக்கு நாங்களே பணம் தருகிறோம் என்று. அதற்காக ஓர் ஆராய்ச்சிக் குழுவை அமைத்தார்கள். 1958-ல் வாஷிங்டனில் டொபாக்கோ இன்ஸ்டிடியூட் வந்தது, நீங்கள் கேட்ட சங்கம் இதுதான். குழு விஞ்ஞானம் பேசும், இன்ஸ்டிடியூட் அரசியல்வாதிகளிடம் பேசும். இப்படியே நாற்பது வருஷம் ஓடியது.

1998 நவம்பரில் வழக்குகளை முடிக்க 46 மாநிலங்களோடு கம்பெனிகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில்தான் இந்தக் குழுவையும் இன்ஸ்டிடியூட்டையும் மூடச் சொன்னார்கள். முதல் 25 வருஷத்துக்கு 206 பில்லியன் டாலர் கட்டவும் சொன்னார்கள். கையெழுத்தான கையோடு பாக்கெட்டுக்கு 45 சென்ட் விலையேற்றினார்கள், ஆக அந்தப் பணம் புகைப்பவர் பையிலிருந்துதான் போயிற்று. எனக்கு இதில் அதிகம் உறுத்துவது வேறு. பல மாநிலங்கள் வரப்போகும் அந்தப் பணத்தை நம்பிக் கடன்பத்திரம் விற்று, முன்கூட்டியே செலவழித்துவிட்டன. சிகரெட் விற்பனை விழுந்தால் வரவும் விழும் என்ற நிலை வந்தபிறகு, எந்த நிதித்துறைக்குப் புகையை ஒழிப்பதில் முழு மனசு இருக்கும்?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த ஒப்பந்தமே புதிய சங்கம் தொடங்க இடம் கொடுத்தது, விதிகளை மீறமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் போதும். அதுவும் அவர்களுக்குப் பெரிதாகத் தேவைப்படவில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று லாபி ஆட்களை, அதாவது அரசியல்வாதிகளிடம் தனக்காகப் பேசி வளைக்கிறவர்களை, வைத்துக்கொண்டது. உணவக உரிமையாளர்கள், கடைக்காரர்கள், புகைப்பவர் உரிமை என்று வேறு வாய்கள் வழியாகப் பேசுவது அவர்களுக்கு முன்பே கைவந்த கலை. பிலிப் மோரிஸ் என்ற சிகரெட் கம்பெனியின் பணத்தில் 1993-லேயே நேஷனல் ஸ்மோக்கர்ஸ் அலையன்ஸ் என்று ஒன்று இருந்தது, பார்க்கிறவருக்குச் சாதாரண ஜனங்கள் தாமாகத் திரண்டது போலத் தெரியும். அப்புறம், ஒரு நகர சபை கடுமையான சட்டம் போட்டால் அதோடு சண்டைக்குப் போகாமல் மாநிலத் தலைநகருக்குப் போவார்கள். ஊருக்கு ஊர் தனிச் சட்டம் கூடாது என்று மென்மையான மாநிலச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டால், கீழே இருக்கும் நகரங்களின் கை கட்டப்பட்டுவிடும். 2017-ல் பிலிப் மோரிஸ் இன்டர்நேஷனல் புகையில்லா உலகத்துக்கென்று ஓர் அறக்கட்டளைக்கு வருஷம் 80 மில்லியன் டாலர் வீதம் 12 வருஷம் தருவதாக அறிவித்தபோது, அதோடு எந்த அரசும் கைகோக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் உடனே சொன்னது. அப்படிச் சொன்னது மிகச் சரி.

கேள்வி: இந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு மனசு உறுத்தாதா? — வாசகி, திருச்சி

பதில்: ஒருவருக்கு உறுத்தியது, அம்மா. விக்டர் கிராஃபோர்ட், மேரிலாந்து மாநில செனட்டராக இருந்தவர். பதவிக்குப் பிறகு டொபாக்கோ இன்ஸ்டிடியூட்டுக்காக லாபி செய்தார், அவரும் புகைப்பவர்தான். தொண்டையில் புற்றுநோய் வந்தபிறகு, தான் செய்த வேலையை 1995-ல் தொலைக்காட்சியில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அடுத்த வருஷமே இறந்துபோனார்.

கேள்வி: அப்படியானால் அந்த ஒப்பந்தத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லையா? — வாசகர், தென்காசி

பதில்: இருக்கிறது, பெரிய பிரயோஜனம். சங்கத்தை மூடியதைவிட, அவர்கள் அலமாரியைத் திறந்ததுதான் முக்கியம் என்பேன். வழக்குகளால் வெளியே வந்த உள் காகிதங்களைச் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது, கோடிக்கு மேல் ஆவணங்கள். பக்கத்தின் ஓரத்தில் வழக்குக்காகக் குத்திய எண் இருக்கும். பிரவுன் அண்ட் வில்லியம்சன் கம்பெனியின் 1969 குறிப்பு ஒன்று, சந்தேகம்தான் நாம் விற்கும் சரக்கு என்று பச்சையாகச் சொல்கிறது. இப்படிப்பட்ட காகிதங்களை வைத்துத்தான் 2006-ல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், கம்பெனிகள் கூடிச் சேர்ந்து மக்களை ஏமாற்றின என்று தீர்ப்பு எழுதினார். மேல்முறையீடுகளெல்லாம் முடிந்து 2017 நவம்பரில், புகைத்தால் சாவீர்கள் என்று அதே கம்பெனிகள் பத்திரிகைகளில் முழுப்பக்கம் போட வேண்டி வந்தது. 1954 அறிக்கைக்கும் இதற்கும் நடுவே 63 வருஷம்.

அந்தத் தளத்தில் யாரும் காசில்லாமல் தேடலாம். இந்தியா என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள், நம்மைப் பற்றியும் எழுதி வைத்திருக்கிறார்கள்.