கேள்வி பதில்: பக்கக் கண்ணாடிக்கு அடியில் ஒரு விளக்கு

கேள்வி: ஐயா, கதவைத் திறந்ததும் பக்கக் கண்ணாடியின் அடியிலிருந்து தரையில் வெளிச்சம் விழுமே, அந்தப் படில் லைட் என் காரின் இடப்பக்கத்தில் மூன்று மாதமாக எரியவில்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டால், கண்ணாடியை முழு செட்டாகத்தான் மாற்ற வேண்டும் என்கிறார்கள். விளக்கை மட்டும் கழற்றி எல்இடி போட்டுக்கொள்ள முடியுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலான கார்களில் முடியும். ஆனால் கழற்றுவதற்கு முன்பு, பழுது உண்மையிலேயே விளக்கில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வலப்பக்க விளக்கும் எரியவில்லை என்றால் ஃபியூஸையோ, காரின் விளக்கு அமைப்புகளில் அந்த வசதி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையோ முதலில் பார்க்க வேண்டும். இடப்பக்கம் மட்டும்தான் எரியவில்லை என்றால் சந்தேகம் இரண்டு இடங்களில் குவிகிறது: ஒன்று பல்பு, மற்றொன்று ஒயர். பொத்தானை அழுத்தினால் தானாக மடங்கும் கண்ணாடியாக இருந்தால், மடிப்பு அச்சின் ஊடாகச் செல்லும் ஒயர் ஆயிரக்கணக்கான முறை வளைந்து வளைந்து உள்ளே அறுந்துபோவது உண்டு. அப்படி அறுந்திருந்தால் புது பல்பு போட்டும் பயனில்லை. கதவைத் திறந்து வைத்து, விளக்கின் சாக்கெட்டில் மல்டிமீட்டரை (மின்னழுத்தத்தை அளக்கும் கருவி) வைத்தால் 12 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். அது காட்டினால் ஒயரில் குற்றமில்லை, பல்பைத்தான் மாற்ற வேண்டும்.

கழற்றும் முறை காருக்குக் கார் மாறும். சில மாடல்களில் விளக்கு அடிப்பகுதியிலிருந்தே கிளிப்பில் மாட்டப்பட்டிருக்கும்; தட்டையான பிளாஸ்டிக் நெம்புகோல் ஒன்று போதும். வேறு சிலவற்றில் அதைப் பிடித்திருக்கும் திருகு கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால், கண்ணாடியை முதலில் எடுத்தாக வேண்டும். கண்ணாடியின் மேல் ஓரத்தை உள்ளே அழுத்தினால் கீழ் ஓரம் வெளியே வரும். அந்த இடைவெளியில் நெம்புகோலை விட்டு, ஒரே இடத்தில் பலம் கொடுக்காமல், ஓரமாகவே நகர்த்தி ஒவ்வொரு கிளிப்பாக விடுவிக்க வேண்டும். கண்ணாடி கையோடு வந்ததும் வெடுக்கென்று இழுத்துவிடாதீர்கள். பனியைப் போக்கும் சூடேற்றி உள்ள கார்களில் அதன் முதுகில் இரண்டு மெல்லிய ஒயர்கள் இணைந்திருக்கும். பல ஆண்டுகள் வெயில் குடித்த பிளாஸ்டிக் அப்பளம் போல நொறுங்கும் என்பதால், ஹேர் டிரையரால் ஓரங்களை மிதமாகச் சூடாக்கிக்கொண்டு தொடங்குவது நல்லது. விளக்குக்கு அருகிலேயே கேமரா பொருத்தப்பட்டிருந்தால் அதை அசைக்கவே வேண்டாம். அது சற்று நகர்ந்தாலும் காரைச் சுற்றிக் காட்டும் படம் பொருந்தாமல் போகும். அதைச் சரிசெய்ய மீண்டும் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

உள்ளே இருப்பது மஞ்சள் வெளிச்சம் தரும் சிறு கண்ணாடி பல்பு என்றால், அது பெரும்பாலும் 12 வோல்ட், 5 வாட் அளவுள்ள டி10 வகையாக இருக்கும். உதிரிபாகக் கடையில் டி10 என்று கேட்டாலே தந்துவிடுவார்கள். எல்இடியே மின்சுற்றுப் பலகையில் பதிக்கப்பட்ட மூடிய அமைப்பு என்றால் அதைப் பிரிக்க முயல வேண்டாம். அதற்கு மட்டும் தனிப் பாக எண் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். பல மாடல்களில் அது தனியாகவே விற்கப்படுகிறது.

டி10 வடிவில் எல்இடி போடும்போது மூன்று விஷயங்கள் நேரலாம். எல்இடிக்கு நேர்முனை, எதிர்முனை உண்டு என்பதால், எரியாவிட்டால் அதை எடுத்துத் திருப்பிச் செருகிப் பாருங்கள். கார் பூட்டிய பிறகும் மங்கலாக மினுங்கினால், காரின் கட்டுப்பாட்டுக் கணினி விடும் சிறு மின்னோட்டமே எல்இடிக்குப் போதுமானதாக இருக்கிறது என்று பொருள். மூன்றாவதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. 5 வாட் பல்பு சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும் இடத்தில் எல்இடி அதில் ஒரு சிறு பங்கையே இழுப்பதால், சில கார்கள் பல்பு எரிந்துவிட்டதாக எண்ணி எச்சரிக்கை காட்டும். அதை அடக்குவதற்காக ரெசிஸ்டர் எனப்படும் மின்தடை ஒன்றைச் சேர்த்துக் கட்டிவிடும் வழக்கம் கடைகளில் இருக்கிறது. அந்த ரெசிஸ்டர், மிச்சமான சுமார் நான்கு வாட்டையும் வெப்பமாகவே கக்கும். காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் கூட்டுக்குள், ஒயர்களை ஒட்டி, கை வைத்தால் சுடும் ஒரு பொருளை அடைத்து வைக்க நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். எச்சரிக்கை வந்தால், அத்தகைய கார்களுக்கென்றே தயாரான எல்இடியைத் தேடுங்கள், அல்லது பழைய வகை பல்பையே போட்டுவிடுங்கள். எந்த நிலையிலும் கம்பெனி ஒயரை வெட்டாதீர்கள். வாரண்டி மறுக்கப்படுவதற்கு வெட்டி ஒட்டிய ஒயர் ஒன்றே போதுமான காரணமாகிவிடும்.

கேள்வி: படில் லைட்டை நீல நிறமாக்கி, ஓடும்போதும் எரியும்படி மாற்றலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம். வாகன விளக்குகளுக்கான ஐ.நா. விதிமுறை 48, இத்தகைய வெளிப்புற விளக்கு வண்டி நின்றிருக்கும்போது மட்டுமே எரிய வேண்டும் என்கிறது. நம் நாட்டில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் வாகனம் எந்தத் திசையில் எந்த நிறத்தைக் காட்டலாம் என்பதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. நீல விளக்கு அவசரப் பணி வாகனங்களை நினைவூட்டுவது. இரவில் உங்களுக்குப் பக்கத்தில் வரும் இருசக்கர வாகனக்காரரின் கண் ஒரு நொடி உங்கள் சக்கரத்தடிக்கு இழுக்கப்படுவதையும் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: கம்பெனிச் சின்னம் தரையில் படமாக விழும் விளக்கை மாட்ட வேண்டும் என்று என் மகன் ஆசைப்படுகிறான். எழுபத்தெட்டு வயதான என் தாயார் இடப்பக்கமாகத்தான் இறங்குவார். மாற்றலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அம்மா, இந்த விளக்கின் பெயரே தேங்கிய நீரைக் குறிப்பது. காலை எங்கே வைக்கிறோம், அங்கே தண்ணீர் நிற்கிறதா, கல் துருத்திக்கொண்டிருக்கிறதா, மண் சரிந்திருக்கிறதா என்று காட்டுவதற்காகவே அது அங்கே இருக்கிறது. சாதாரண விளக்கு வெளிச்சத்தைக் கதவோரம் முழுக்கப் பரப்புகிறது. சின்னம் காட்டும் விளக்கோ, உள்ளே இருக்கும் சிறு படத்தகட்டின் வழியே ஒளியைச் செலுத்தி, லென்ஸால் ஒரு வட்டத்துக்குள் குவிக்கிறது. வட்டம் பளிச்சென்றிருக்கும், அதற்கு வெளியே இருள் முன்பைவிட அடர்ந்து தெரியும். அந்த வட்டத்துக்குள்ளும் சின்னத்தின் கோடுகளும் நிழல்களும் இருப்பதால், பள்ளத்தையும் படத்தையும் பிரித்தறிவது முதிய கண்களுக்குக் கடினம். மழை பெய்த தரையில் நிலைமை இன்னும் மோசம். ஈரப் பரப்பு ஒளியைக் கண்ணாடி போல வேறு பக்கம் திருப்பிவிடுவதால் படமும் மங்கும், தரையும் தெரியாது.

ஆகவே இடப்பக்கத்தில் பரந்த வெளிச்சம் தரும் விளக்கே இருக்கட்டும். மகனின் ஆசையை மறுக்க வேண்டியதில்லை. ஓட்டுநர் இறங்கும் வலப்பக்கத்தில், ஒயரை வெட்டாமல், பழைய சாக்கெட்டிலேயே பொருந்தும் சின்னம் காட்டும் விளக்கை அவர் மாட்டிக்கொள்ளட்டும். கழற்றிய பழைய விளக்கைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். பொருத்தியதும் ஓர் இரவு இரண்டு கதவுகளின் அடியிலும் ஒவ்வொரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, உங்கள் தாயாரை அழைத்து வந்து, எந்தப் பக்கத்தில் தரை நன்றாகத் தெரிகிறது என்று அவரிடமே கேளுங்கள்.