அசலா, நகலா: சுற்றுலா ஆய்வில் பின்நவீனத்துவம் பற்றிய கேள்விகள்

கேள்வி: எம்.ஏ. ஆய்வேட்டுக்கு, சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் தென்னிந்தியப் பழைய வீடுகளைக் காட்டும் அருங்காட்சியகமான தட்சிணசித்ராவை எடுத்திருக்கிறேன். அதைப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் போத்ரியார் சொல்லும் 'போலிநகல்' என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம். இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். போத்ரியார் சொல்வது அசலே இல்லாத நகலை. டிஸ்னிலாந்து கேளிக்கைப் பூங்காவில் பழைய அமெரிக்க ஊர்த் தெருபோல் கட்டிய 'மெயின் ஸ்ட்ரீட்' அதற்குப் பொருந்தும். அச்சாக அப்படியொரு தெரு எந்த ஊரிலும் இருந்ததில்லை. 1996இல் திறந்த தட்சிணசித்ராவிலோ, பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். மரம் அசல். மாறியது இடம், இல்லாமல் போனது குடியிருந்தவர்கள். இதற்கு சமூகவியலாளர் மெக்கானெல் 1973இல் முன்வைத்த 'மேடையேற்றிய அசல்தன்மை', அதாவது பயணிகள் பார்ப்பதற்கென்றே அமைத்துக் காட்டும் அசல் என்ற கருத்து, நன்றாக உதவும். எந்த அறைக்குள் விடுகிறார்கள், எது பூட்டியிருக்கிறது, அடுப்படியில் என்ன வைத்திருக்கிறார்கள், பலகை எந்த ஆண்டைச் சொல்கிறது, யார் வாழ்ந்ததைச் சொல்லாமல் விடுகிறது என்று வீடு வீடாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியானால் லாஸ்கோ குகை?

பதில்: அது இன்னும் சிக்கலானது. பிரான்சில் 1940இல் கண்டுபிடித்த, ஆதிமனிதர் வரைந்த சுவரோவியங்கள் உள்ள குகை அது. பார்வையாளர்களின் மூச்சுக்காற்றால் சுவரில் பாசி படர, 1963இல் மூடினார்கள். 1983இல் பக்கத்திலேயே நகல் குகை திறந்தது. 2016இல் முழு நகலும் வந்தது. நகல் வந்ததும் அசலும் சேர்ந்தே செயற்கையாகிவிடுகிறது என்பது போத்ரியாரின் வாதம். நான் அதைப் பாதிதான் ஏற்பேன். ஓவியம் அழியாமலிருக்கத்தான் இந்த நகல். அந்தக் காரணத்தை விட்டுவிட்டு எழுதினால் ஆய்வு ஒருபக்கமாகச் சாயும்.

கேள்வி: பேட்டியில் "இது அசலா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆமாம்" என்கிறார்களே?

பதில்: கேள்வியிலேயே விடை இருக்கிறது, வேறென்ன சொல்வார்கள்? கைப்பேசியில் கடைசியாக எடுத்த 5 படங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஏன் அந்தக் கோணம், முன்பு எங்கே பார்த்த படம் அது, சட்டகத்துக்கு வெளியே தள்ளியது என்ன என்று கேளுங்கள். குப்பைத்தொட்டி, மின்கம்பம், மற்ற பயணிகள் என்று பதில் வரும். சமூகவியலாளர் அர்ரி 1990இல் எழுதிய 'சுற்றுலாப் பார்வை', அதாவது எதை எப்படிப் பார்ப்பது என்று பயணிக்கு முன்கூட்டியே பழகியிருக்கும் பார்வை, அங்கேதான் கையில் சிக்கும். முதல் வாசிப்பில் கோட்பாட்டுச் சொல் எதுவும் போடாமல், அவர்கள் சொன்ன சொற்களையே பேட்டிகளை வகைப்படுத்தும் குறியீடாக (code) வையுங்கள்.

கேள்வி: போலி என்று தெரிந்தே ரசிப்பவர்களை எங்கே வைப்பது?

பதில்: ஃபைஃபர் 1985இல் சொன்ன 'பின்-சுற்றுலாப் பயணி' அவர்தான்.

கேள்வி: பின்நவீனத்துவம் சொல்வதுபோல் அசல், போலி எல்லாமே சமூகம் உருவாக்கிய கட்டமைப்பு என்றால் எதைத்தான் விமர்சிப்பது?

பதில்: நுழைவுச்சீட்டுப் பணம் யாருக்குப் போகிறது, ஆடிக் காட்டும் கலைஞருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு, யார் நிலம் போனது: இவற்றை விசாரித்து எழுதுங்கள். கூலி கட்டமைப்பு அல்ல.