வாசகர் கேள்வி–பதில்: ரீஃப் தொட்டிக்குக் குறைந்த செலவில் ட்ரை ராக்

கேள்வி: பவளம் வளர்க்கும் என் கடல்நீர்த் தொட்டி (ரீஃப் தொட்டி) 90 × 45 × 45 செ.மீ. கடையில் 25 கிலோ ட்ரை ராக் (உயிர் எதுவும் இல்லாத உலர்ந்த பாறை) வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு செலவு கட்டுப்படியாகாது. குறைத்து வாங்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: தாராளமாகக் குறைக்கலாம். விளிம்புவரை நிரப்பினால் உங்கள் தொட்டி 182 லிட்டர். அமெரிக்க கேலனுக்கு ஒரு பவுண்டு என்ற பழைய கணக்கின்படி 22 கிலோ வருகிறது. கடைக்காரர் அதையே முழுதாக்கி 25 என்று சொல்லியிருப்பார். ஆனால் அந்தக் கணக்கு பாறை கெட்டியா, துளையுள்ளதா என்று பார்ப்பதில்லை. கையில் எடுத்தால் லேசாக இருக்கும் துளைப்பாறை 11 முதல் 13 கிலோ இருந்தால் உங்களுக்குப் போதும். விற்பவர் எடைக்குக் காசு வாங்குகிறார். தொட்டிக்கு வேண்டியதோ கழிவை முறிக்கும் பாக்டீரியா குடியேறும் துளைப்பரப்பு. கெட்டிச் சுண்ணாம்புக்கல் பாதி விலைக்குக் கிடைத்தாலும் நஷ்டம்தான். அதே உயரத்துக்கு அடுக்க இரண்டு மடங்கு எடை பிடிக்கும், நீரோட்டம் அடைபடும், இடுக்குகளில் கழிவு தேங்கும்.

கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். பாறைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் துளைப்பாறை. உருண்டு ஓடினால் வேண்டாம். ஒரு சொட்டு வினிகர் விட்டு நுரைக்கிறதா என்று பாருங்கள். நுரைத்தால் கால்சியம் கார்பனேட், அது நல்லது. துருநிறக் கோடுகளோ உலோக மினுமினுப்போ தெரிந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். பெட்டியின் அடியில் கிடக்கும் உடைசலையும் கேட்டுப் பாருங்கள். முழுப் பாறையைவிட மலிவாகத் தருவார்கள். ஒட்டிக் கட்டும்போது அதுதான் அதிகம் உதவும்.

கேள்வி: ராமேஸ்வரம் பக்கத்துப் பவளக்கல் மலிவாகக் கிடைக்கும் என்கிறார் ஒருவர். கரை ஒதுங்கிய செத்த கல்தானே, வாங்கலாமா? (மதுரை வாசகர்)

பதில்: வாங்காதீர்கள். கல்பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த பவளம் என்பதால் விலக்குக் கிடையாது; வைத்திருந்தாலே குற்றம். தண்டனை 3 முதல் 7 ஆண்டுவரை சிறை. சட்டத்தை விடுங்கள், மன்னார் வளைகுடாவைப் பாருங்கள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அங்கே பல்லாண்டுகள் பவளக்கல் வெட்டினார்கள். 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இன்று நீருக்கடியில். அலையைத் தடுத்த பாறையை எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். பவளத்தை நேசித்துத் தொட்டி வைக்கும் நாம் அந்தக் கல்லைத் தொடவே கூடாது. ட்ரை ராக் என்று நாம் கேட்க வேண்டியது, நிலத்திலுள்ள பழைய கடற்படிவுகளில் வெட்டியது, அல்லது செராமிக்கிலோ சிமென்டிலோ செய்தது.

கேள்வி: சிமென்டில் நாமே செய்ய முடியுமா? (சென்னை வாசகர்)

பதில்: முடியும். இருப்பதிலேயே மலிவு இதுதான், ஆனால் இரண்டு மாதப் பொறுமை வேண்டும். சாதா போர்ட்லண்ட் சிமென்ட் 1 பங்கு, கோழித்தீவனக் கடையில் விற்கும் நொறுக்கிய கிளிஞ்சல் 3 பங்கு, கல்லுப்பு 1 பங்கு. நீர்ப்புகாக் கலவை சேர்த்த சிமென்ட், சுவர்ப் பட்டி இரண்டும் ஆகாது. கிளிஞ்சலை நன்றாக அலசி, முதலில் சிமென்டோடு கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளியுங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். முன்பே போட்டால் கரைந்துவிடும், துளை விழாது. ரப்பர் கையுறை கட்டாயம். ஈரச் சிமென்ட் தோலைப் புண்ணாக்கும். உள்ளே கம்பி வைக்காதீர்கள், துருப்பிடித்துப் பாறையைப் பிளக்கும்.

ஈர மணலில் குழி பறித்து அதில் வார்த்து, ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரம் மூடி வையுங்கள். பிறகு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு 3 நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். உப்பு சில நாளில் கரைந்து போய்விடும். சுண்ணாம்புக் காரம்தான் லேசில் போகாது. தொடக்கத்தில் பி.எச். 12-ஐ ஒட்டி இருக்கும். ஆறேழு வாரம் கழித்துப் புதுத்தண்ணீரில் 24 மணி நேரம் வைத்து அளந்தால் 8.5-க்குள் இருக்க வேண்டும். பலர் தோற்பது இங்கேதான்: நான்காவது வாரமே தொட்டியில் இறக்குவார்கள், பி.எச். ஏறி மீன் துடிக்கும்.

கேள்வி: தொட்டியைக் கலைத்த ஒருவரிடம் 15 கிலோ பழைய பாறை வாங்கினேன். எப்படிச் சுத்தம் செய்வது? (திருச்சி வாசகர்)

பதில்: முதலில் அவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: அந்தத் தொட்டியில் எப்போதாவது செம்பு மருந்து போட்டாரா? போட்டிருந்தால் அந்தப் பாறை ரீஃப் தொட்டிக்கு உதவாது. கார்பனேட் செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு மெல்ல விடும். இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது.

போடவில்லை என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 1 லிட்டர் வாசனையில்லாத திரவ ப்ளீச் கலந்து 48 மணி நேரம் ஊறவையுங்கள். காய்ந்த பாசியும் செத்த புழுவும் கரைந்துவிடும். அலசி, ஹைப்போ (குளோரினை நீக்கும் சோடியம் தயோசல்பேட்) கலந்த நீரில் ஒரு நாள் வைத்து, குளோரின் வாடை அறவே போகும்வரை வெயிலில் காயவிடுங்கள். இதன் பிறகுதான் ஆசிட். ப்ளீச்சும் ஆசிடும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

வெட்டவெளியில், கண்ணாடியும் கையுறையும் அணிந்து, 20 பங்கு தண்ணீரில் 1 பங்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிடை ஊற்றுங்கள். தண்ணீரை ஆசிடில் ஊற்றக் கூடாது. 15 நிமிடம் நுரைக்கட்டும். பாசிக்குத் தீனியாகும் பாஸ்பேட் அதிகம் ஒட்டியிருக்கும் மேல்தோல் கரைந்துவிடும். பிறகு சமையல் சோடா கலந்த நீரில் முக்கி, அலசுங்கள். கடைசியாக உப்புநீரில் பம்ப் ஓடவிட்டு இரண்டு வாரம் வைத்துப் பாஸ்பேட் அளந்து பாருங்கள். 0.1 பி.பி.எம்.-ஐ (லிட்டருக்கு 0.1 மி.கி.) தாண்டினால் தண்ணீரை மாற்றி மறுபடி வையுங்கள்.

கேள்வி: பாறையை அடுக்கி 10 நாள் ஆகிறது. மீன் எப்போது விடலாம்? (புதுச்சேரி வாசகர்)

பதில்: நாள்களை எண்ணாதீர்கள், அம்மோனியாவை அளங்கள். ட்ரை ராக்கில் உயிர் எதுவும் இல்லை; மீன் கழிவில் வரும் அம்மோனியாவை முறிக்கும் பாக்டீரியாவை நாம்தான் குடியேற்ற வேண்டும். 150 லிட்டர் நீருக்குச் சுமார் 0.9 கிராம் அம்மோனியம் குளோரைடு போட்டால் 2 பி.பி.எம். அம்மோனியா கிடைக்கும். புட்டியில் விற்கும் பாக்டீரியாவைச் சேர்த்து, வெப்பம் 26 டிகிரி, உப்பு லிட்டருக்கு 35 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்ட அம்மோனியாவும் அதிலிருந்து வரும் நைட்ரைட்டும் 24 மணி நேரத்தில் சுழியமானால் முதல் மீனை விடலாம். பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நம்பகமான தொட்டியிலிருந்து கைப்பிடியளவு லைவ் ராக் (ஏற்கெனவே உயிர்கள் குடியேறிய பாறை) கிடைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் பழுப்புப் பாசியின் கொட்டம் குறையும். அதில் ஐப்டேசியா என்னும் சிறு கடல் அனிமோன் ஒட்டியிருந்தால் மட்டும் வேண்டாம். ஒன்று வந்தாலும் தொட்டி முழுக்கப் பரவும்.