மழை, மலை, போதைக் காளான்: எல்லையோர வாசகர்களின் கேள்விகளுக்கு ஒரு தாவரவியல் டீச்சரின் பதில்கள்

டீச்சர், ஜூன் மாசம் மழை பிடிச்சா மன்னார்க்காடு பக்கம் எங்கே பார்த்தாலும் காளான். எங்க பக்கம் ஒண்ணையும் காணோம். ரெண்டும் ஒரே ஜில்லாதானே? (சித்தூர், மாடு வளர்ப்பவர்)

ஒரே ஜில்லாதான், ஆனால் ஒரே மழை இல்லை. காளானின் உண்மையான உடம்பு மண்ணுக்குள்ளோ சாணத்துக்குள்ளோ மட்கிய மரத்துக்குள்ளோ நூல் நூலாகப் பரவிக் கிடக்கிறது. நாம் பார்ப்பது அதன் காய்ப்பை மட்டும்தான். அந்தக் காய்ப்பில் பெரும்பகுதி, ஏறக்குறைய 90 சதவீதம், தண்ணீர். அதனால் ஒரு மழை பெய்தால் போதாது, மேல்மண் ஈரம் சில நாட்கள் காயாமல் நிற்க வேண்டும். மன்னார்க்காட்டில் மலை மேகத்தைத் தடுத்து மழையைக் கொட்ட வைக்கிறது. உங்கள் பக்கம் மழையும் குறைவு, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் விடாமல் அடித்து இருக்கிற ஈரத்தையும் உலர்த்திவிடும். ஐப்பசி மழையில் காற்று ஓய்ந்த பிறகு வரப்போரம் பாருங்கள், உங்கள் ஊர்க் காளான்கள் அப்போதுதான் தலைகாட்டும்.

மேஜிக் மஷ்ரூம் மழைக்காலத்துல நம்ம மலையிலயும் கிடைக்கும்னு பசங்க சொல்றாங்க. எந்த மாசம், எந்த இடம்? (மறையூர், கல்லூரி மாணவர்)

இடம் சொல்ல மாட்டேன் தம்பி, கோபித்துக்கொள்ளாதே. ஆனால் உன் கேள்விக்குள் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. இவை ஏன் ஓரிடத்தில் முளைக்கின்றன, இன்னோரிடத்தில் முளைப்பதில்லை?

போதைக் காளான் என்பது ஒரே இனம் இல்லை. சைலோசைபின் என்ற பொருள் உள்ள இனங்கள் நூற்றுக்கும் மேல் உண்டு. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு தட்பவெப்பம் வைத்திருக்கிறது. கியூபாவில் கண்டு 1906-ல் பெயரிடப்பட்ட சைலோசைபே கியூபென்சிஸ் வெப்பமண்டலத்துக்காரன், மாட்டுச் சாணத்தில் வளர்கிறது. ஐரோப்பாவின் செமிலான்சியாட்டா இதற்கு நேர் எதிர். குளிர்ந்த ஈரப் புல்வெளியில், இலையுதிர் காலத்தில்தான் வரும், சாணத்தின் மேல் நேராக வளராது. அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் வேறொரு கூட்டம் மரச்சில்லுகளைத் தின்று, இரவுக் குளிர் இறங்கிய பிறகு முளைக்கிறது. மெக்சிகோவில் ஆஸ்டெகோரம் என்ற இனம் 3000 மீட்டருக்கும் மேலே மலைக்காட்டில் வாழ்கிறது. கேரளத்திலிருந்தும் 2002-ல் ஒரு புது இனத்துக்கு ‘கேரளென்சிஸ்’ என்று பெயர் வைத்தார்கள்.

மழை ‘எப்போது’ என்பதை மட்டும்தான் முடிவு செய்கிறது. ‘எங்கே’ என்பதை அந்த இனத்தின் சாப்பாடும் அது தாங்கும் சூடு, குளிரும் முடிவு செய்கின்றன. மறையூர் மழைமறைவுப் பிரதேசம், மூணாறு மழையில் நனைந்து கிடக்கிற ஊர். நடுவே நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் காளான்களுக்கு அவை இரண்டு வேறு நாடுகள்.

இன்னொன்றையும் மனதில் வை. ஈரலை அழிக்கும் அமாடாக்சின் உள்ள சின்னப் பழுப்புக் காளான்களுக்கும் இதே ஈரம்தான் பிடிக்கும். போதைக் காளான்தானா என்று கண்டுபிடிக்க, தொட்டால் நீலமாகிறதா என்று பார்ப்பதெல்லாம் நம்பத்தக்க சோதனை இல்லை.

வாகமண் பைன் காட்டுக்குப் போயிருந்தோம். படத்துல வர்ற மாதிரி சிவப்புக் குடையில வெள்ளைப் புள்ளிக் காளான் அங்கே வருமா? (வண்டிப்பெரியாறு)

அழகான கேள்வி. அது அமனிட்டா மஸ்காரியா. அதில் இருப்பது சைலோசைபின் இல்லை, மஸ்சிமால் என்ற வேறு நஞ்சு. அது மரத்தின் வேரோடு கூட்டுச் சேர்ந்துதான் வாழும். பைன், பிர்ச் போன்ற மரங்கள் இல்லாவிட்டால் எவ்வளவு குளிர் இருந்தாலும் வராது. தென்னிந்திய மலைகளுக்கு அந்தப் பைன் மரங்களே வெளியூர்க்காரர்கள். மெக்சிகோவைச் சேர்ந்த பாட்டுலா பைனை நீலகிரியில் நட்டார்கள், அதன் வேரில் இந்தக் காளான் சேர்ந்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வாகமண்ணில் பார்த்தால் போட்டோ எடுங்கள், பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.

இடி இடிச்சாத்தான் புத்துக்காளான் வரும்னு பாட்டி சொல்வாங்க. நிஜமா? (அட்டப்பாடி)

பாட்டி பார்த்தது சரிதான். ஆனால் இடி மழையோடு கூட வருவது. கோடையில் காய்ந்த மண்ணில் இடியோடு பெருமழை விழுந்ததும் மண் சட்டென்று குளிர்கிறது, ஈரம் புற்றுக்குள் இறங்குகிறது. உள்ளே கரையான் வளர்த்துவைத்திருக்கிற பூஞ்சை அப்போதுதான் மேலே எழும்புகிறது.

காலநிலை மாறுவதால் காளான் பருவமும் மாறுகிறதா? (குமுளி)

மாறுகிறது. இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகரைச் சுற்றி ஒருவர் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் காளான் முளைத்த தேதிகளை எழுதிவைத்தார். அவர் மகன் உள்ளிட்டோர் அதை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார்கள். 1950களில் சராசரியாக 33 நாள் நீடித்த இலையுதிர்காலக் காளான் பருவம் 75 நாளாகியிருந்தது. நம் மலையிலும் யாராவது இப்படி ஒரு நோட்டு போட வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை. எஸ்டேட் பள்ளிப் பிள்ளைகளே செய்யலாம். தேதி, மழை அளவு, எதன் மேல் முளைத்தது, ஒரு படம், அவ்வளவு போதும்.

கோர்ட்டே போதைக் காளான் தப்பில்லைன்னு சொல்லிடுச்சாமே? (கொழிஞ்சாம்பாறை)

அப்படிச் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் வழக்கில், காளானின் மொத்த எடையையும் போதைப்பொருள் கலவையாகக் கணக்கிட முடியாது என்றது. சைலோசைபின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில்தான் இருக்கிறது. அந்த வழக்கில் ஜாமீன் கேட்டவரும் சிறையிலிருந்துதான் கேட்டார்.

காட்டுக் காளான் சாப்பிட்டு வாந்தி வந்து, மறுநாள் சரியாயிட்டா ஆஸ்பத்திரிக்குப் போகணுமா? (தேவிகுளம்)

கட்டாயம் போகணும் அக்கா. அமாடாக்சின் நஞ்சு பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குப் பிறகே காட்டும். வாந்தி, பேதி நின்று ஒருநாள் தெளிந்த மாதிரி இருக்கும், ஈரல் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். மிச்சக் காளானை, சமைத்ததானாலும் சரி, காகிதத்தில் சுற்றிக் கையோடு கொண்டுபோங்கள். அதே குழம்பைச் சாப்பிட்ட எல்லோரையும் கூட்டிப்போங்கள், நன்றாக இருப்பதாகச் சொல்பவரையும் சேர்த்து.