"அது என் மனைவிக்குத்தான் தெரியும்"

கேள்வி: பாம்பனில் விசைப்படகு வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு 66 வயது. இதயம் தாறுமாறாகத் துடிப்பதால் இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு நாள் சளி, காய்ச்சல், கூடவே வயிற்றுப்போக்கு. தெருமுனை மெடிக்கலில் கேட்டு அசித்ரோமைசின் 500 வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் மயங்கி விழுந்துவிட்டார். ராமநாதபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வழக்கமாக என்ன மாத்திரை என்று டாக்டர் கேட்டார். அது என் மனைவிக்குத்தான் தெரியும். அவள் தேவிபட்டினத்தில் தாய் வீட்டில் இருந்தாள். அப்புறம் போனில் சொன்னாள், அமியோடரோன் என்று. ஈசிஜி பார்த்துவிட்டு, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தது தப்பு என்றார்கள். இப்போது அம்மா நலம். மெடிக்கல்காரர் மீது புகார் கொடுக்கலாமா? இந்த இதய மாத்திரையை நிறுத்திவிடலாமா?
- பாம்பன் வாசகர்

பதில்: புகார் கொடுங்கள் தம்பி. டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுத்தது அவர் தப்பு. சீட்டு இல்லாமல் போய்க் கேட்டது யார் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியை என்னால் தாண்ட முடியவில்லை. "அது என் மனைவிக்குத்தான் தெரியும்." மிளகாய்த்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டதுபோல எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் கிடக்கிறது, நீங்களும் வீட்டில்தான். எஞ்சினுக்கு என்ன ஆயில், எப்போது மாற்றியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். பெற்றவள் தினமும் விழுங்கும் மாத்திரையின் பேர் தெரியாது. அவருக்கு மகன் நீங்களா, உங்கள் மனைவியா? மாமியாரைக் கவனிப்பது அந்தப் பெண்ணின் நல்ல மனசு. உங்களுக்கு அது கடமை.

மெடிக்கலில் "அம்மாவுக்கு இதயத்துக்கு அமியோடரோன் ஓடுது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கை நின்றிருக்கலாம். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத்தின் மின்னோட்டம் பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த துடிப்புக்குத் தயாராகக் கொஞ்ச நேரம் ஆகும். அமியோடரோன் அந்த நேரத்தை நீட்டுகிறது. அசித்ரோமைசினும் நீட்டும். இரண்டும் சேர்ந்தால் துடிப்பு திடீரென்று வெறிபிடித்து ஓடலாம். மயக்கம் வரும், சிலருக்கு உயிரே போகும். வயிற்றுப்போக்கில் பொட்டாசியமும் மெக்னீசியமும் வெளியேறினால் ஆபத்து இன்னும் கூடும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் எல்லாவற்றிலும் இதே பயம் உண்டு. வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டான்செட்ரான்கூட இந்த ரகம்தான். இந்தத் தொல்லை இல்லாத ஆன்டிபயாடிக்குகளும் இருக்கின்றன. ஆனால் எது வேண்டும், வேண்டுமா வேண்டாமா என்பதையே டாக்டர்தான் சொல்ல வேண்டும். சளிக் காய்ச்சல் பாதிக்கு மேல் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக்கே தேவையில்லை.

அமியோடரோனை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடங்கியிருக்கும் படபடப்பு திரும்பி வரலாம். அதோடு, நிறுத்தினாலும் அது உடம்பைவிட்டுப் போக வாரங்கள், ஏன், மாதங்களே ஆகும். "போன வாரமே நிறுத்திட்டோம்" என்று எந்த மெடிக்கலிலும் தைரியமாகச் சொல்ல முடியாது. எழுதிக்கொடுத்த டாக்டரிடமே அம்மாவைக் கூட்டிப்போய், நடந்ததைச் சொல்லிக் கேளுங்கள். மகனாக நீங்கள் போங்கள்.

இன்று ராத்திரி மாத்திரை டப்பாவை எடுத்து, ஒவ்வொரு அட்டையிலும் உள்ள பேர், மில்லிகிராம், எந்த வேளை என்று உங்கள் கையாலேயே தமிழில் எழுதுங்கள். ஒரு தாள் அம்மாவின் சுருக்குப்பையில், ஒன்று உங்கள் சட்டைப்பையில். போட்டோ பிடித்துப் போனிலும் வையுங்கள், ஆனால் போனை மட்டும் நம்ப வேண்டாம், கடலில் உங்களுக்கு டவர் கிடைக்கும் லட்சணம் எனக்குத் தெரியும்.

உங்கள் மனைவி தாய் வீட்டிலிருந்து வந்துவிட்டாரா என்று எழுதவில்லை. வராவிட்டால் அவசரப்படுத்தாதீர்கள். இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டு வரட்டும். அதுவரை மூன்று வேளையும் மாத்திரை எடுத்துக் கொடுப்பது நீங்கள்.