ஐந்து பேர், பத்தாயிரம் ரூபாய், நெல்லைக்கு ஒரு கொடைப் பயணம்

கேள்வி: தாம்பரத்தில் இருக்கிறோம். மே 29 வெள்ளிக்கிழமை சேரன்மகாதேவி பக்கம் எங்கள் ஊரில் கோயில் கொடை, அதாவது திருவிழா. நான், கணவர், 8 வயது மகள், 4 வயது மகன், 66 வயது மாமியார் என்று ஐந்து பேர் போகிறோம். புதன் இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவதாகத் திட்டம். போக, வர 10,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும். தூத்துக்குடிக்கு விமானத்தில் போய்விடலாம், இப்போதெல்லாம் மலிவு என்கிறான் தம்பி. ஆம்னி பஸ்தான் வசதி என்கிறார் கணவர். மாமியாருக்கு மூட்டு வலி. எதில் போவது?

பதில்: தம்பி கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். விமானத்தில் இரண்டு வயது நிறைந்த குழந்தைக்குத் தனி சீட் வாங்க வேண்டும். ஆகவே உங்கள் 4 வயதுப் பையனுக்கும் டிக்கெட் உண்டு. ஒரு டிக்கெட் 3,500 ரூபாய்க்கே கிடைத்ததாக வைத்துக்கொண்டாலும் ஐந்துக்கு 17,500 ஆகிறது, அதுவும் போவதற்கு மட்டும். இறங்குகிற இடம் வாகைக்குளம். அங்கிருந்து நெல்லைக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் டாக்ஸியில் போக வேண்டும். திரும்பும்போது ஊரில் கட்டித் தருகிற தேங்காயும் அரிசியும் அல்வாவும் 15 கிலோவுக்குள் அடங்குமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நானே ஒருமுறை மூவாயிரத்துக்குக் குறைவான விலை என்று ஆசைப்பட்டு மதுரைக்கு விமான டிக்கெட் போட்டேன். சீட் தேர்வுக்கு ஒரு கட்டணம், இணையத்தில் பணம் கட்டியதற்கு ஒரு கட்டணம், கூடுதல் பைக்கு ஒரு கட்டணம், டாக்ஸி என்று வீட்டு வாசலை மிதிப்பதற்குள் ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டது. தனி ஆள், கையில் ஒரே ஒரு பை, அவசரம் என்றால் விமானம் சரி. உங்களுக்கு வேண்டாம்.

ஆம்னி பஸ்ஸில் பெரும்பாலும் அரை டிக்கெட் என்ற பேச்சே கிடையாது. சாதாரண நாளில் ஏசி ஸ்லீப்பர் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கும். நீங்கள் திரும்புகிற ஞாயிறு சாதாரண நாள் இல்லையே! கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற நேரம், தென் மாவட்டமே மூட்டை முடிச்சோடு சென்னைக்குத் திரும்பும். அன்றைக்கு என்ன விலை கேட்பார்கள் என்று இன்றைக்கு யாரும் சொல்ல முடியாது. காசை விடுங்கள், மூட்டு வலிக்காரரை மேல் படுக்கைக்கு ஏற்றுவது ஒரு பாடு. அதைவிடப் பெரிய பாடு கழிப்பறை. டிரைவர் நிறுத்துகிற இடத்தில்தான், நிறுத்துகிற நேரத்தில்தான். வயதானவர்கள் அதற்குப் பயந்து சாயங்காலத்தில் இருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆக ரயில்தான். இதில் எனக்கு ஒரு கொள்கை உண்டு. எது மலிவு என்று தேடுவதற்கு முன்னால், எது முதலில் தீர்ந்துபோகும் என்று பார்க்க வேண்டும். உங்கள் பயணத்தில் முதலில் தீரப்போவது ஞாயிறு இரவின் திரும்பும் டிக்கெட். புதன் இரவுக்கு யாரும் முட்டிமோதப்போவதில்லை. பலரும் போகும் டிக்கெட்டை ஆசையாக எடுத்துவிட்டு, திரும்புவதை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். கடைசியில் ஊரில் உட்கார்ந்துகொண்டு, முந்தின நாள் திறக்கிற அவசர முன்பதிவான தத்காலோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கிறது. 120 நாள் என்று இருந்ததை 2024 நவம்பரில் குறைத்துவிட்டார்கள். பழைய நினைப்பில் இருந்தால் தேதி குழம்பும். மே 27 புதன் டிக்கெட் மார்ச் 28 காலை 8 மணிக்குத் திறக்கும். மே 31 ஞாயிறு டிக்கெட் ஏப்ரல் 1 காலை 8 மணிக்கு. காலண்டரில் இன்றே வட்டம் போட்டுவிடுங்கள்.

அதற்கு முன்னால் வீட்டில் ஒன்றைப் பேசி முடிவு செய்யுங்கள். வெள்ளிக்கிழமை கொடை என்றால் நள்ளிரவுப் பூஜையான சாமக்கொடை முடியவே சனிக்கிழமை விடியும். மஞ்சள் நீராட்டு வரை இருந்துவிட்டு சனி இரவே கிளம்ப முடியுமா? முடியும் என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சனி இரவு டிக்கெட் மார்ச் 31 அன்று திறக்கும், போட்டியும் குறைவு. பிள்ளைகளுக்கும் பள்ளிக்கு முன்னால் ஒரு ஞாயிறு வீட்டில் ஓய்வு கிடைக்கும். "ஊருக்குப் போயிட்டு ரெண்டு நாள்கூட இருக்காம வர்றதா" என்று மாமியார் கேட்பார்கள். அதை உங்கள் வீட்டுக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

எந்த ரயில்? நெல்லை எக்ஸ்பிரஸ் திருநெல்வேலியிலேயே புறப்பட்டு சென்னையில் முடிகிற வண்டி. அதனால் திருநெல்வேலிக்காரர்களுக்கு அதில் பொது ஒதுக்கீட்டு இடங்கள் அதிகம். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸும் அனந்தபுரியும் திருநெல்வேலி வழியாகப் போகிற வண்டிகள்தான். ஆனால் நடுவில் ஏறுகிறவர்களுக்கு ஒதுக்கீடு குறைவு. நெல்லை எக்ஸ்பிரஸ் கிடைக்கவில்லை என்றால் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் கன்னியாகுமரியில் இருந்தே டிக்கெட் எடுத்து, ஏறும் இடம் என்ற கட்டத்தில் மட்டும் திருநெல்வேலி என்று மாற்றுங்கள். ரயில் கட்டணம் தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்குக் குறைந்துகொண்டே போகும் வகையில் அமைந்தது. அதனால் ஸ்லீப்பரில் ஆளுக்குச் சில பத்து ரூபாய்தான் கூடும். வண்டி புறப்படும் நிலையத்தின் பெரிய ஒதுக்கீட்டில் உங்கள் பெயர் போய் உட்காரும். விதிப்படி சரியான வழிதான், கூச்சப்பட வேண்டாம். ஏறும் இடத்தை மாற்ற மட்டும் மறந்துவிடாதீர்கள். மறந்தால் கன்னியாகுமரியில் நீங்கள் ஏறவில்லை என்று டிக்கெட் பரிசோதகர் அடுத்தவருக்குப் பெர்த்தைக் கொடுத்துவிடலாம்.

இப்போது காசுக் கணக்கு. தாம்பரத்தில் இருந்து நெல்லைக்கு ஸ்லீப்பர் சுமார் 400 ரூபாய், மூன்றடுக்கு ஏசி சுமார் 1,050 முதல் 1,100 வரை. மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தியது நிறுத்தியதுதான், மாமியாருக்கும் முழுக் கட்டணம். ஐந்து வயதுக்குக் கீழே பெர்த் கேட்காவிட்டால் இலவசம், பையனுக்குச் செலவில்லை. ஆனால் பெயரைக் குழந்தை என்று சேர்த்துவிடுங்கள். மகளுக்குப் பெர்த் வேண்டாம் என்றால் அரை டிக்கெட், வேண்டும் என்றால் முழு டிக்கெட். ஸ்லீப்பரில் அந்த அரையில் மிச்சமாவது இருநூறு ரூபாய்கூட இராது. எட்டு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இரவு முழுக்க ஒருக்களித்துப் படுப்பதற்கு அது கட்டுப்படியாகாது. பெர்த் வாங்கிவிடுங்கள்.

ஆக நான்கு பெர்த். போகும்போது ஸ்லீப்பர், 1,700 ரூபாய்க்குள் முடியும். திரும்பும்போது களைத்துப் போயிருப்பீர்கள், மூன்றடுக்கு ஏசி எடுங்கள், சுமார் 4,300. இரண்டும் சேர்ந்து 6,000. ஆட்டோ, சாப்பாடு போக மீதியில் கொடை வரிகூடக் கட்டலாம். இரண்டு வழியும் ஏசி என்றால் 8,600 அளவில் வரும். அதுவும் உங்கள் கணக்குக்குள்தான். என்னைக் கேட்டால் போகும்போது ஸ்லீப்பரே போதும். வண்டி கிளம்பினால் மே மாத இரவிலும் காற்று வரும். வந்தே பாரத் வேகமானது, எட்டு மணி நேரத்துக்குள் நெல்லை. ஆனால் உட்கார்ந்தே போகிற சேர் காரில் சாப்பாட்டோடு ஆளுக்கு 1,600 ரூபாயைத் தாண்டும், மாமியார் காலை நீட்ட இடமும் இருக்காது. தாம்பரத்தில் இருந்து நாகர்கோவிலுக்கு முழுக்க முன்பதிவில்லாத அந்தியோதயா வண்டி ஒன்று இருக்கிறது. கல்லூரிப் பையன்களுக்கு அது வரப்பிரசாதம். நீங்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கீழ் பெர்த்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கு இரண்டு வேண்டும். ஒன்று மாமியாருக்கு. இன்னொன்று பையனைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளும் உங்களுக்கு. நடு பெர்த்தில் நான்கு வயதுக் குழந்தையோடு படுத்தால் தூங்க மாட்டீர்கள், காவல்தான் காப்பீர்கள். எல்லாரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் 45 வயது கடந்த பெண்ணுக்குக் கீழ் பெர்த் தர கம்ப்யூட்டர் தானாகவே பார்க்கும், ஆனால் இடம் மீதி இருந்தால்தான். முதல் நாள் எட்டு மணிக்கே எடுத்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். தாமதமானால் வேறு வழி: மாமியாருக்குத் தனி டிக்கெட் போட்டு, லோயர் பெர்த் / சீனியர் சிட்டிசன் கோட்டாவைத் தேர்ந்தெடுங்கள். ஒரு ஸ்லீப்பர் பெட்டியில் ஆறேழு கீழ் பெர்த்துகளை இதற்கென்றே வைத்திருக்கிறார்கள். 60 கடந்த ஆண்கள், 45 கடந்த பெண்கள் தனியாகவோ இரண்டு பேராகவோ போட்டால்தான் இந்தக் கோட்டா. குடும்பத்தோடு சேர்த்துப் போட்டால் கிடையாது. இதில் ஒரு சிக்கல் உண்டு. அவர் எஸ்3 பெட்டி, நீங்கள் எஸ்7 பெட்டி என்று பிரிந்துபோகலாம். அப்படி ஆனால் உங்கள் வீட்டுக்காரர் இரவு அந்தப் பெட்டிக்குப் போய், யாரிடமாவது பேசி இடம் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

டிக்கெட்டில் எண்ணைப் பார்த்தே எந்த பெர்த் என்று சொல்லிவிடலாம். ஸ்லீப்பரில் எட்டால் வகுத்துப் பாருங்கள். மீதி 1 அல்லது 4 வந்தால் கீழ், 2 அல்லது 5 நடு, 3 அல்லது 6 மேல். 7 வந்தால் ஜன்னலோரப் பக்கவாட்டுக் கீழ், மீதியே இல்லை என்றால் பக்கவாட்டு மேல். 33 என்றால் மீதி 1, மாமியாருக்கு நல்ல இடம். 39 என்றால் மீதி 7. படுக்கை உறுதியாகாமல் உட்கார மட்டும் இடம் தருகிற ஆர்.ஏ.சி. வந்தால் இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வைப்பது அந்த பெர்த்தில்தான்.

ரயில் முன்பதிவு இணையதளமான ஐஆர்சிடிசியில் உங்கள் கணக்கை இப்போதே தயார் செய்துகொள்ளுங்கள். முன்பதிவு திறந்தவுடன் இணையத்தில் எடுப்பதற்கும், தத்காலுக்கும், ஆதார் சரிபார்த்த ஐஆர்சிடிசி கணக்கு வேண்டும். அதை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது செய்ய முடியாது. ஐந்து பேர் பெயரும் வயதும் அந்தக் கணக்கில் முன்கூட்டியே சேமித்து வைக்கிற 'மாஸ்டர் லிஸ்ட்'டில் ஏறியிருக்கட்டும், யுபிஐ செயலி திறந்திருக்கட்டும். பெயரைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே கீழ் பெர்த் எல்லாம் போய்விடும்.

ஏப்ரல் 1 அன்று எட்டு மணிக்குக் கை நழுவி வெயிட்டிங் லிஸ்ட் வந்தால் பதற வேண்டாம். பொது வெயிட்டிங் லிஸ்டில் பத்து, பதினைந்து என்றால் இரண்டு மாதத்தில் கீழே இறங்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. வண்டி கிளம்பும் முன் இறுதிப் பயணிகள் பட்டியலான சார்ட் போடும்வரை ஒரு பெயர்கூட உறுதியாகாவிட்டால் இ-டிக்கெட் தானே ரத்தாகிப் பணம் திரும்பும், சின்னத் தொகைதான் பிடிப்பார்கள். அதே வேளையில் கையில் ஒரு மாற்று இருக்க வேண்டும். அரசு விரைவுப் பேருந்தில் அதே இரவுக்கு டிக்கெட் திறந்ததும் எடுத்து வையுங்கள். அல்ட்ரா டீலக்ஸ் ஆளுக்குச் சுமார் 600 ரூபாய். ஐந்து வயதுக்குக் கீழே இலவசம், மகளுக்கு அரை டிக்கெட். கூட்டம் பார்த்து விலையை ஏற்ற மாட்டார்கள். கிளாம்பாக்கத்தில் இறங்கினால் தாம்பரத்துக்கு மாநகரப் பேருந்து இருக்கிறது. உட்கார்ந்துதான் வர வேண்டும் என்பதால் மாமியாருக்கு இது கஷ்டம்தான், எனவே கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் உறுதியானதும் பஸ்ஸை ரத்து செய்துவிடுங்கள். புறப்படும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும்.

தத்கால் எல்லாம் கைவிட்ட பிறகுதான். முந்தின நாள் காலை ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஒரு டிக்கெட்டில் நான்கு பேர்தான், உங்களுக்கு அது போதும். உறுதியான தத்காலை ரத்து செய்தால் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. ஊரில் அந்த நேரத்தில் சிக்னல் எந்தத் திண்ணையில் நன்றாக வரும் என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லை ஜங்ஷனில் காலையில் இறங்கியதும் டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவசரம் இல்லை. செங்கோட்டை பாசஞ்சர் சேரன்மகாதேவி வழியாகத்தான் போகிறது, டிக்கெட் 10 ரூபாய்தான். அது வரும்வரை காபி குடிக்க நேரம் இருக்கும். வண்டி தாமதமாகிப் பாசஞ்சரை விட்டுவிட்டால் ஜங்ஷன் பக்கத்திலேயே பஸ் கிடைக்கும்.

ஸ்லீப்பரில் போர்வை, தலையணை தர மாட்டார்கள். போகும்போது மாமியாருக்கு ஒரு தடித்த ஜமுக்காளம் எடுத்துக்கொள்ளுங்கள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு, தாம்பரத்தில் ஏறிய கையோடு சாப்பிட்டு முடித்துவிடுங்கள். பத்து மணி ஆனதும் நடு பெர்த்துக்காரர் பலகையைத் தூக்கி மாட்டிவிடுவார், அதற்குப் பிறகு கீழே நிமிர்ந்து உட்கார முடியாது.