வேலூர் போர் தண்ணீரில் சுருட்டை முடியை எப்படிப் பராமரிப்பது?

காட்பாடியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருப்பது இதுதான்: சொந்த ஊரில் அலை அலையாக அடங்கியிருந்த முடி இங்கே வந்த பிறகு பரட்டையாகிவிட்டது, அலைமுடிக்கும் சுருட்டை முடிக்கும் இணையத்தில் சொல்லப்படும் முறைகளில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது? நான் சத்துவாச்சாரியில் வளர்ந்தவள், முழுச் சுருட்டைக்காரி. அந்த முறைகளில் பெரும்பாலானவை வேறு நாடுகளின் தண்ணீரையும் வானிலையையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை என்பதால், நம் ஊருக்கு அவற்றை அப்படியே எடுத்தால் பொருந்தாது. இங்கே ஷாம்பூவைத் தேடுவதற்கு முன்னால் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால் முடியைப் பற்றிச் சிறிது. தோலுக்குள் மயிர்க்கால் வளைந்து சாய்ந்திருப்பதாலும், அதிலிருந்து வரும் இழையின் குறுக்குவெட்டு நீள்வட்டமாக இருப்பதாலும் முடி சுருள்கிறது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசை நேரான முடியில் நுனிவரை எளிதாக இறங்கிவிடும். வளைவுக்கு வளைவு நின்று இறங்க வேண்டிய சுருட்டை முடியில் அது பாதி வழியிலேயே தங்கிவிடும். வேர்ப்பகுதி பிசுபிசுப்பாகவும் நுனி வைக்கோல் போலவும் ஒரே தலையில் இருப்பது இதனால்தான். திருப்பதியில் மொட்டை போட்டுவிட்டு வந்தால் முடி நேராக முளைக்கும் என்று நம் பக்கத்தில் சொல்பவர்கள் உண்டு. கத்தி படுவது தோலுக்கு மேலே இருக்கும் இழையில் மட்டுமே, மயிர்க்காலின் வடிவம் மாறுவதில்லை என்பதால் அது நடக்காது. பூப்பெய்தும் வயதிலும் கருவுற்ற காலத்திலும் ஹார்மோன் மாற்றத்தால் சுருள் கூடுவதும் குறைவதும் உண்டு, அது வேறு கதை. ‘கோரை முடி குடியைக் கெடுக்கும், சுருட்டை முடி சோறு போடும்’ என்று பழமொழி இருக்கிறது. அது நமக்குச் சோறு போடுகிறதோ இல்லையோ, அதற்கு நாம் ஈரம் போட்டே ஆக வேண்டும்.

உங்களுடையது அலையா சுருளா என்று அறிய, தலைக்குக் குளித்ததும் எதையும் தடவாமல், சீப்பு படாமல் தானாக உலர விடுங்கள். தளர்வாக நெளிந்து நின்றால் அலை. விரலைச் சுற்றிக்கொள்ளும் அளவுக்கு வளையம் விழுந்தால் சுருள். 2ஏ, 3பி என்று எண்ணும் எழுத்துமாகச் சொல்லப்படும் வகைப்பாடு, அமெரிக்க முடி அலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் வகுத்தது. அதில் 2 அலை, 3 சுருள், 4 மிக நெருக்கமான சுருள். ஒரே தலையில் காதோரம் ஒன்றாகவும் பின்கழுத்தில் வேறொன்றாகவும் இருப்பது சாதாரணம் என்பதால், அந்த எண்ணைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க மெனக்கெட வேண்டியதில்லை. அலைமுடிக்குக் குறைவாகவும் இலேசாகவும், சுருளுக்குத் தாராளமாகவும் தடவ வேண்டும் என்ற அளவில் தெரிந்தால் போதும்.

இனி தண்ணீர். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஊரில், காவிரிக் குடிநீரைச் சமையலுக்குப் பிடித்து வைத்துக்கொண்டு, குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீரையே பெரும்பாலான வீடுகளும் விடுதிகளும் நம்பியிருக்கின்றன. குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐ.எஸ். 10500, 2012) லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை, அதாவது கரைந்திருக்கும் கால்சிய, மக்னீசிய உப்புகளின் அளவை, ஏற்கத்தக்கது என்கிறது; வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. உங்கள் விடுதியின் அளவை அறிய ஆய்வகம் தேவையில்லை: வாளியில் போடும் ஹீட்டர் கம்பியில் வெள்ளைப் படலம் கெட்டியாகப் படிந்திருந்தால், குழாயின் வாயில் சுண்ணாம்பு பூத்திருந்தால், சோப்பு நுரைக்காமல் திரிந்துபோனால், அந்தத் தண்ணீர் கடினநீர்தான். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் முடி இழையில் ஒட்டிக்கொண்டு மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகின்றன. ஏற்கெனவே சாயம் பூசியோ சூடு வைத்தோ சேதமான முடியில் இன்னும் அதிகமாகப் பிடிக்கின்றன. சொரசொரப்பான இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். சுருள் கொத்தாகச் சேராமல் பிரிந்து நிற்கும். நீங்கள் பரட்டை என்று சொல்வது பெரும்பாலும் இதுவாக இருக்கும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு, மூன்றும் எளியவை. தலைக்குக் குளியல் சோப்பு போடவே கூடாது, ஏனெனில் சோப்பும் கால்சியமும் சேர்ந்து கரையாத கசடாகி முடியிலேயே தங்கிவிடும். அடுத்து, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, கடினநீருக்கென்று விற்கப்படும், ஈ.டி.டி.ஏ. போன்ற உப்பைப் பிணைத்து இழுக்கும் பொருள் சேர்ந்த ஷாம்பூவால் அலச வேண்டும். வாரந்தோறும் போட்டால் முடி வறண்டுவிடும். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: முழுக் குளியலையும் போர் தண்ணீரிலேயே முடித்துவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ இரண்டு செம்பு எடுத்துவைத்துக்கொள்வது. அதில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற அளவில் வினிகர் கலந்தால், அந்த மென்மையான புளிப்பு முடி இழையின் மேற்பரப்பில் உள்ள நுண்செதில்களை மடிந்து படிய வைக்கும். எலுமிச்சைச் சாற்றை நேரடியாகப் பிழிந்துகொண்டு வெயிலில் நிற்பது மட்டும் வேண்டாம். குழாயில் மாட்டும் சிறு ஷவர் ஃபில்டர்கள் குளோரினையும் அழுக்கையும் குறைக்கலாமே தவிர, கடினத்தன்மையைக் குறிப்பிடத்தக்க அளவு குறைப்பதில்லை. உப்புப் போட்டுப் புதுப்பிக்கும் சாஃப்ட்னர் எந்திரம்தான் அதைச் செய்யும், அது விடுதி அறைக்கு வைக்கும் பொருள் அல்ல.

தலைக்குக் குளிப்பது வாரத்துக்கு இரண்டு முறை போதும்; வியர்வை அதிகமானால் மூன்று. குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவும் நம் வழக்கத்தை விடாதீர்கள். அதிலுள்ள லாரிக் அமிலம் இழைக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்றும், மினரல் எண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் அந்தத் திறன் இல்லை என்றும் 2003இல் வெளியான ரெலே, மோஹிலே ஆகியோரின் ஆய்வு காட்டியது. தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தில் நடந்த ஆய்வு அது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். எண்ணெயை நீளத்துக்கும் நுனிக்கும் தடவி, அரைமணி நேரமாவது விட்டு, விரலால் சிக்கெடுங்கள். ஷாம்பூ தலைத்தோலுக்கு மட்டும். நுரை வழியும்போது நீளம் தானாகச் சுத்தமாகிவிடும். சல்ஃபேட் (நன்றாக நுரைத்துப் பிசுக்கை வலுவாக எடுக்கும் பொருள்) இல்லாத ஷாம்பூதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை: நன்றாக எண்ணெய் வைத்த அன்று அந்த ஷாம்பூ பிசுக்கை எடுக்காது, நாம் மறுபடி மறுபடி தேய்ப்போம். சீயக்காயும் அரப்பும் சாப்போனின் என்ற பொருளால் அழுக்கை எடுப்பவை; சோப்பைப் போலக் கடினநீரில் கசடாவதில்லை. ஆனால் தூளாகப் போட்டால் சுருள்களுக்குள் மாட்டிக்கொண்டு இழையை உரசும். கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டிய சாறாக ஊற்றுங்கள்.

கண்டிஷனரில் சுருட்டை முடிக்காரர்கள் சிக்கனம் பார்க்கக் கூடாது. அதை நீளத்தில் தாராளமாகத் தடவி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுப்பதுதான் நாம் சீப்பைத் தொடும் ஒரே தருணமாக இருக்க வேண்டும். உலர்ந்த பிறகு வாரினால் கொத்துக் கொத்தாக இருக்கும் சுருள் பிரிந்து பஞ்சாகிவிடும். ‘தலையை வாராமல் வெளியே போகாதே’ என்று வீட்டில் சொல்வார்கள். ஈரத்திலேயே வாரியாகிவிட்டது என்பதுதான் அதற்குப் பதில்.

சுருள் உருவாவது அதற்கடுத்த பத்து நிமிடத்தில். முடி நனையும்போது அதன் புரதத்தில் உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுந்து, உலரும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே மீண்டும் சேர்கின்றன. ஆகவே சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போதே ஜெல் தடவி, தலையைக் கவிழ்த்து, நுனியை உள்ளங்கையில் ஏந்தி மேல்நோக்கிக் கசக்கிவிட வேண்டும். கடை ஜெல்லுக்குச் செலவழிக்க வேண்டாம் என்றால், கால் கப் ஆளி விதையை இரண்டு கப் தண்ணீரில் கொதிக்கவிட்டு, முட்டை வெள்ளைக்கரு பதம் வந்ததும் சூட்டோடு மெல்லிய துணியில் வடித்துக்கொள்ளுங்கள். ஆறினால் துணியில் இறங்காது. குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பிறகு ஈரிழைத் துண்டால் ஒற்றி எடுங்கள். பூத்துவாலையால் பரபரவென்று துவட்டுவது நம் முடிக்கு ஆகாது. முழுதாக உலரும்வரை கை வைக்காதீர்கள். ஜெல் காய்ந்து மொடமொடப்பாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், கடைசியில் இரண்டு சொட்டு எண்ணெயைக் கையில் தேய்த்துக் கசக்கினால் மொடமொடப்பு உடைந்து சுருள் மட்டும் நிற்கும்.

கத்திரி வெயிலில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. அந்த நாட்களில் காற்று வறண்டிருப்பதால், முடியின் ஈரத்தையே இழுத்துவிடக்கூடிய கிளிசரின் அதிகமுள்ள பூச்சுகளைக் குறைத்துக்கொண்டு, வெளியே போகும்போது தளரப் பின்னி, மேலே பருத்தித் துப்பட்டா போட்டுக்கொள்வது நல்லது. மழைக்காலத்தில் ஈரக்காற்றை முடி உறிஞ்சி உப்பும். அப்போது ஜெல்லைக் கூட்டிக் கண்டிஷனரைக் குறையுங்கள். இரவில் பருத்தித் தலையணை உறை முடியை உரசிச் சிக்காக்கும். சாட்டின் உறை வாங்குகிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு பழைய ஆரணிப் பட்டின் ஜரிகை இல்லாத உடல் பகுதியை வெட்டித் தைத்த உறை அந்த வேலையைச் செய்கிறது.

பார்லரில் நேராக்கிவிடலாமா என்ற எண்ணம் உங்களுக்கும் எப்போதாவது வரும். நிரந்தரமாக நேராக்கும் ரசாயனம், நனைந்தால் அறும் ஹைட்ரஜன் பிணைப்பைக் கடந்து, முடியின் உறுதிக்கே ஆதாரமான டைசல்ஃபைடு பிணைப்பை உடைக்கிறது. கெரட்டின் என்ற பெயரில் செய்யப்படும் சிகிச்சைகளில் சிலவற்றில், சூடு வைக்கும்போது ஃபார்மால்டிஹைடு வெளியாகிறது. அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. ஏற்கெனவே நேராக்கியிருந்தால், மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலாக வளரும் புது முடி சுருளாகவே வரும். நேரான நீளத்துக்கு எந்தப் பூச்சும் சுருளைத் திருப்பித் தராது. இரண்டும் சேரும் இடம் மிகவும் பலவீனமானது என்பதால், அங்கே சீப்பை இழுக்காமல், நுனியைச் சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டே வாருங்கள்.